மென்கவுரே பிரமிடின் உதிர்ந்த கிரானைட் கற்களை மீண்டும் ஏற்றலாமா?

பெருவழி:
2024 ஜனவரியில் எகிப்தியத் தொல்பொருள் தலைமைக் கவுன்சிலின் அன்றைய செயலாளர் முஸ்தஃபா வஸீரி, கீசாவின் மூன்றாவது பிரமிடின் அடியில் நின்றபடி ஒரு காணொளி வெளியிட்டார். மென்கவுரே மன்னனின் அந்தப் பிரமிடைச் சுற்றி விழுந்து கிடக்கும் கிரானைட் கற்களை மீண்டும் அதன் மேல் பொருத்தப்போவதாகவும், ஜப்பானியரோடு சேர்ந்து மூன்று ஆண்டுகளில் முடிக்கப்போவதாகவும், இதுவே நூற்றாண்டின் திட்டம் என்றும் அறிவித்தார். அடுத்த மாதமே தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையிலான நிபுணர் குழு ஒருமனதாக அதை மறுத்துவிட்டது.

அந்த மறுப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கீழே கிடப்பவை புதிதாக வெட்டிய கற்கள் அல்ல. பழைய எகிப்தியர் அஸ்வானில் வெட்டி, நைல் நதியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்து, பதினாறு வரிசை உயரத்துக்கு அடுக்கிய அதே சிவப்புக் கிரானைட். கீசாவின் மற்ற இரண்டு பெரும் பிரமிடுகளிலும் வெளிமுகத்தின் பெரும்பகுதி வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இவ்வளவு உயரத்துக்குக் கிரானைட் போர்த்திய பிரமிடு அங்கே இது ஒன்றுதான். அந்தத் தனிச்சிறப்பை மணலில் கிடக்கவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

சிற்றுளி:
ஆம், அதுவும் பாதுகாப்புத்தான். குழு சொன்ன காரணத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. அந்தக் கற்களின் வெளிமுகம் செதுக்கி முடிக்கப்படாதது. நுழைவாயிலைச் சுற்றியும் கிழக்கு முகத்தில் கோயிலை ஒட்டிய பகுதியிலும் மட்டும் கிரானைட்டை வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கல் புடைத்துக்கொண்டு கரடுமுரடாகவே நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு கல் எந்த வரிசையில், எந்த முகத்தில் இருந்தது என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்?

மென்கவுரே தன் பிரமிடு முடியும் முன்பே இறந்துபோனான். அடுத்து வந்த ஷெப்செஸ்காஃப், கல்லில் தொடங்கிய சவக்கோயிலைப் பச்சைச் செங்கல் வைத்து அவசரமாக முடித்தான். இருநூறு டன் சுண்ணாம்புக்கல்லை நகர்த்திவந்து எழுப்பிய சுவருக்குப் பக்கத்திலேயே மண் செங்கல் சுவர்! 4,500 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசின் கருவூலமும் ஆள்பலமும் எந்தக் கட்டத்தில் கைவிட்டன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் கீசாவில் வேறில்லை. முதலில் கல்லைப் பொருத்தி, பிறகு மேலிருந்து கீழாக முகத்தை இழைப்பார்கள் என்ற வேலைமுறையையே நாம் இங்கேதான் கண்ணால் பார்க்கிறோம். அரைகுறையாக நிற்பதால்தான் இந்தப் பிரமிடு எனக்கு மற்ற இரண்டையும்விட அரியதாகத் தெரிகிறது.

பெருவழி:
கரடுமுரடாக இருப்பது வெளிமுகம் மட்டுமே. பக்கத்துக் கல்லோடு சேரும் முகங்களை அன்றே துல்லியமாகச் செதுக்கிவிட்டார்கள். இன்னும் பிரமிடில் நிற்கும் வரிசைகளில் அந்த இணைப்புகளைப் பாருங்கள். பல இணைப்புகள் நேர்க்கோணத்தில்கூட இல்லை, ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லுக்கு ஏற்பச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. லேசர் அளவீட்டில் எடுத்தால் எந்தக் கல்லுக்கு எது ஜோடி என்பது தெரிந்துவிடும். வஸீரியும் கல்லைத் தூக்குவதற்கு முன் ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் காலம் ஒதுக்கியிருந்தார். நாளையே கிரேன் கொண்டுவந்து அடுக்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

கட்டடக்காரர்:
நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். ஜோடி கண்டுபிடிக்க இரண்டு கல்லும் இருக்க வேண்டும். அங்கே தொடர் அறுந்துபோய் நெடுங்காலம் ஆகிறது, எத்தனையோ கற்களைப் பிற்காலத்தார் வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நடுவில் நான்கு கல் இல்லாவிட்டால் ஐந்தாவது கல்லின் இடம் ஊகம்தான்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. வெளிக்கல்லுக்கும் உள்ளிருக்கும் பெருங்கற்களுக்கும் நடுவே நிரப்புக்கற்களும் ஜிப்சம் சாந்தும் இருந்தன. வெளிக்கல் உதிர்ந்த இடங்களில் அந்த நிரப்பும் சிதைந்திருக்கிறது. கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன் எடை கொண்டது. அதை ஏற்றினால் பின்னால் எதையாவது வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். சிமென்ட்டைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி அதை அரிக்கும். ஹவாஸ் சிமென்ட்டைக் காரணம் காட்டி எதிர்த்தது வெறும் பிடிவாதம் அல்ல.

நெய்தல்:
அப்படியானால் சக்காராவில் நடந்ததை என்ன சொல்வீர்கள்? ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு வளாகத்தில் ழான் ஃபிலிப் லோயர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 1926-இல் கால் வைத்தார். தன் வாழ்நாளையே அங்கே செலவிட்டு, சிதறிக் கிடந்த கற்களைத் தேடித் தேடிச் சேர்த்து மதில், தூண் மண்டபம், விழாமுற்றம் எல்லாவற்றையும் எழுப்பினார். அவர் இல்லாவிட்டால் உலகின் முதல் பெருங்கல் வளாகம் எப்படி இருந்தது என்று நம்மில் யாருக்கும் தெரிந்திருக்காது. 1992 நிலநடுக்கத்தில் பலவீனமான அதே படிப் பிரமிடைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்து 2020 மார்ச்சில் திறந்தார்கள். அபு சிம்பெலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மலைக்கோயிலையே துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். அதை எவரும் பாவம் என்று சொல்லவில்லையே.

சிற்றுளி:
அபு சிம்பெல் இங்கே பொருந்தாது. அஸ்வான் உயர் அணையின் நீர் ஏறிவந்தது, அறுக்காமல் விட்டிருந்தால் ராம்சேஸின் சிலைகள் நாசர் ஏரிக்குள் போயிருக்கும். மென்கவுரேயை எந்த வெள்ளமும் துரத்தவில்லை. மேலும் அங்கே வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது, எங்கிருந்து எடுத்தோம் என்பது வெட்டியவர்களுக்கே தெரியும்.

லோயரை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் கையில் இருந்தவை செதுக்கி முடித்த சிறு சுண்ணாம்புக்கற்கள். தூணின் வளைவும் பள்ளமும் இடத்தைக் காட்டிக்கொடுத்தன.

சேர்த்துவைக்கும் ஆர்வம் என்ன செய்யும் என்பதற்கு ஏதென்ஸைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பழங்கோயிலான பார்த்தினனைப் பழுதுபார்த்த பொறியாளர் பலானோஸ், இரும்புக் கவ்விகளால் சலவைக்கற்களை இணைத்தார். இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளந்தது. பல கற்களைத் தவறான இடங்களிலும் வைத்திருந்தார். அவர் செய்ததை அவிழ்க்கவே 1975-இல் ஒரு குழு அமைத்து இன்றுவரை பாடுபடுகிறார்கள்.

பெருவழி:
அதே பார்த்தினன் என் வாதத்துக்கும் சான்று. பலானோஸின் பிழையைக் கண்டவுடன் கிரேக்கர்கள் கற்களைத் தரையில் போட்டுவிட்டு ஓடவில்லை. டைட்டானியம் கவ்வி வைத்து, ஒவ்வொரு கல்லின் சரியான இடத்தைக் கணக்கிட்டு, மறுபடி ஏற்றினார்கள். மோசமான சீரமைப்புக்கு அவர்கள் தந்த பதில் நல்ல சீரமைப்பு. சிமென்ட் வேண்டாம் என்றால் ஜிப்சம் சாந்து இருக்கிறது, பழைய எகிப்தியர் பயன்படுத்தியதே அதுதான்.

கிரானைட்டை ஏற்றினால் ஆய்வுக்குத் தடை என்ற வாதமும் நிற்காது. 2025-இல் கெய்ரோ பல்கலைக்கழகமும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ரேடார், மீயொலி, மின்தடை அளவீடு ஆகியவற்றைக் கொண்டு இதே பிரமிடின் கிழக்கு முகத்தில், இழைத்த கிரானைட்டுக்குப் பின்னால் காற்று நிரம்பிய இரண்டு வெற்றிடங்களைக் கண்டறிந்தன. கல் இருக்கும்போதே கருவிகள் உள்ளே பார்த்துவிட்டன.

சிற்றுளி:
அந்தக் கல்லை யாரும் தொடாததால்தான் அந்த அளவீட்டுக்கு மதிப்பு. வெளிக்கல்லும் பின்கல்லும் பழைய எகிப்தியர் வைத்தபடியே இருக்கும்போது உள்ளே ஒரு வெற்றிடம் தென்பட்டால் அதற்குப் பொருள் உண்டு. நாளை நாம் நிரப்பி அடுக்கிய சுவருக்குப் பின்னால் ஓர் இடைவெளி தெரிந்தால், அது மென்கவுரேயின் காலத்ததா நம் காலத்ததா என்று முதலில் நம்மையே விசாரிக்க வேண்டியிருக்கும்.

வடக்கு முகத்தில் உள்ள நீண்ட வடுவையும் நினைத்துப்பாருங்கள். 1196-இல் சுல்தான் சலாஹுத்தீனின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான் இந்தப் பிரமிடையே இடித்துவிட ஆள் அனுப்பினான். எட்டு மாதம் போராடி, நாளுக்கு ஒன்றோ இரண்டோ கல்தான் அவர்களால் பெயர்க்க முடிந்தது என்று அதை அருகிருந்து எழுதியவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி. இறுதியில் செலவு தாங்காமல் விட்டுப்போனார்கள். கீழே கிடக்கும் கற்களில் ஒரு பகுதி அந்த எட்டு மாதத்தின் எச்சம். அவற்றை எடுத்து மேலே ஒட்டினால் மென்கவுரேயும் திரும்பமாட்டான், 1196-உம் அழிந்துபோகும்.

நெய்தல்:
எகிப்தியரின் நினைவுச்சின்னத்தை என்ன செய்வது என்று எகிப்தியர் முடிவெடுக்கட்டும். வெளிநாட்டார் கூச்சலிட்டதால் நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கட்டடக்காரர்:
அது நடந்ததற்கு மாறான செய்தி, நண்பரே. முதலில் கடுமையாக எதிர்த்தவர்களில் எகிப்தியத் தொல்லியலாளர் மோனிகா ஹன்னா ஒருவர். குழுவின் தலைவரும் எகிப்தியர். மார்க் லேனர் போன்ற வெளிநாட்டு அறிஞர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள், அவ்வளவே.

பெருவழி:
சரி, ஏற்ற வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கற்களை இப்போது இருக்கும் நிலையிலேயே விட்டுவிடுவதா? உப்பும் மணற்காற்றும் பட்டு, பயணிகள் ஏறி உட்கார்ந்து தேய்வதற்கா? குறைந்தபட்சம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து உயர்த்திப் பீடத்தில் வைக்கலாம்.

சிற்றுளி:
எண் கொடுப்பதை இன்றே செய்யட்டும், முழு மனதோடு ஆதரிக்கிறேன். பயணிகள் ஏறாமல் இருக்க வேலியும் போடட்டும். பீடத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எந்தக் கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, எதைப் பிற்காலத்தில் நகர்த்தியிருக்கிறார்கள்? விழுந்த இடத்திலேயே கிடப்பது எந்த முகத்திலிருந்து, எந்த வரிசைப்படி உதிர்ந்தது என்று அதன் கிடப்பே சொல்லும். அதை அளந்து வரைபடமாக்காமல் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது.

பெருவழி:
அளந்து முடித்தபின் ஐம்பது கல்லுக்காவது பிரமிடில் தன் இடம் சந்தேகமின்றித் தெரிந்தால்? அந்த ஐம்பதை மட்டும் ஏற்றச் சம்மதிப்பீர்களா?

சிற்றுளி:
மாட்டேன். பின்னால் இருந்த நிரப்புக்கல் பழையபடி கிடைக்கும்வரை மாட்டேன். அந்த ஐம்பது கற்களின் வரைபடத்தை வெளியிடட்டும், உலகமே கணினியில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளும்.