நாம் விற்ற பொருளால் ஒருவர் காயப்பட்டால்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஏணிக்காரன்
நாம் விற்ற பொருளால் யாராவது காயப்பட்டால் நஷ்ட ஈட்டை ஏற்கும் காப்பீடுதான் புராடக்ட் லயபிலிட்டி பாலிசி. இங்கே பலருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மடக்கு ஏணி செய்கிறோம். ஒன்றில் கொக்கி விட்டுப்போய், பெயிண்டர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஏணியை வாங்கியது அவர்கூட இல்லை, வீட்டுக்காரர். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அந்தக் கொக்கியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த பேட்ச்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண் கொக்கியில் இல்லை, பதிவேட்டிலும் இல்லை.

நஷ்ட ஈடும் வக்கீல் செலவும் பாலிசியில் வந்துவிட்டன. ஆனால் அதே கொக்கி எந்தெந்த ஏணியில் இருக்கிறது என்று சொல்லத் தெரியாததால், அந்த மாடல் முழுவதையும் திரும்ப வாங்கினோம். அதற்குக் காப்பீடு கிடையாது, விற்றதைத் திரும்பப் பெறும் செலவுக்கான ரீகால் பாலிசி தனி. இதற்கிடையில், "தப்பு எங்களுடையது, முழுச் செலவும் எங்கள் பொறுப்பு" என்று மருத்துவமனையிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். காப்பீட்டுக் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு 3 மாதம் இழுத்தது. இன்றும் யாராவது ஏணியில் ஏறினால் என் கண் கொக்கிக்குத்தான் போகிறது.

பழைய இயந்திரம்
எழுதிக் கொடுத்தது பெரிய தவறு, ஏணிக்காரரே. கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை இந்தப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். "வாங்கியது அவர்கூட இல்லை" என்கிறீர்கள், அது உங்களைக் காப்பாற்றாது. ஸ்காட்லாந்தில் எழுந்த டோனஹியூ வழக்கில் பானத்தை வாங்கியது தோழி, குடித்து நோயுற்றதாக வழக்குப் போட்டது வேறொருவர். பாட்டிலுக்குள் நத்தை இருந்தது என்பது புகார். வாங்காதவரிடமும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று 1932-லேயே சொல்லிவிட்டார்கள்.

இனி யாருக்கு நேர்ந்தாலும், முதலில் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உடைந்த பொருளைத் தொடாதீர்கள், பழுது பார்க்காதீர்கள், அப்படியே போட்டோ எடுங்கள். விற்பனை பில், சோதனை அறிக்கை, எச்சரிக்கை லேபிளின் அன்றைய வடிவம், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். லேபிளில் எச்சரிக்கை போதவில்லை என்றும் வழக்கு வரும், பொருள் நன்றாக இருந்தாலும். வக்கீல் செலவு பாலிசித் தொகைக்குள் கழிகிறதா, அதற்கு மேலா என்று இன்றே பாருங்கள். என் கதை சின்னது: வந்த நோட்டீஸை 40 நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். தாமதம் என்று கிளைமைத் தள்ளிவிட்டார்கள்.

நடுவழி
எனக்கு ஒரு தேதிதான் உறுத்துகிறது. பிரீமியம் குறைவு என்று கம்பெனி மாற்றினேன். பாலிசியில் ரெட்ரோஆக்டிவ் தேதி (அதற்கு முன் நடந்ததற்குக் காப்பீடு இல்லை என்ற தேதி) என்ற கட்டத்தில் புதுப் பாலிசி தொடங்கும் நாளையே போட்டுவிட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். 5 மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. விபத்து நடந்தது கம்பெனி மாற்றுவதற்கு முந்தைய வாரம். பழைய பாலிசி இருக்கும்போது கிளைம் வரவில்லை என்று பழைய கம்பெனி கைவிரித்தது. எங்கள் தேதிக்கு முன்னால் நடந்தது என்று புதுக் கம்பெனியும் கைவிரித்தது. ஒரு நாள்கூட பிரீமியம் கட்டத் தவறாதவன் நான். இடைவெளியில் விழுந்துவிட்டேன்.

கைக்கட்டு
நான் அடிபட்ட பக்கம். மிக்ஸரின் பிளேடு கழன்று வலது கையில் 2 விரல்களின் நரம்பு போனது. பணம் ஒழுங்காக வந்தது, அந்த முதலாளி பாலிசி எடுத்திருந்ததால்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒருநாளும் வரவில்லை. பழைய இயந்திரம் சொல்வது போல யாரோ அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பழைய இயந்திரம்
போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகலாம், பார்க்கலாம், உதவலாம். யார் தப்பு என்று எழுதாமல் இருந்தால் போதும்.

ஏணிக்காரன்
பெயிண்டர் இப்போது நடக்கிறார், ஏணி ஏறுவதில்லை. நான் இன்னும் போய்ப் பார்த்துவருகிறேன். கொக்கியில் எண் அடிக்கிறோம். நடுவழி, உங்கள் பழைய பாலிசியில் முடிந்தபிறகும் கிளைம் தெரிவிக்கும் நீட்டிப்புக் காலம் என்று ஒன்று இருந்ததா, எடுத்துப் பார்த்தீர்களா?