டிட்டரன்ஸுக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

பெரம்பூர் ஆசிரியை
செவ்வாய், இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வாசிப்பறையில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலை ஒரு வகுப்பு இருக்கிறது. ஜெனரல் சுந்தர்ஜியின் அணுவாயுதச் சிந்தனை பற்றி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தலைவர். ஓய்வுபெற்ற பிறகும் இதையே சொல்லிவந்தார்: அணுகுண்டு போரிடுவதற்கான கருவி அன்று, எதிரி தன் குண்டைப் போடாதிருக்கச் செய்வதற்கே அது, அதற்குச் சில போதும், எதிரியின் கையிருப்பை எண்ணிப் பார்த்து ஈடாகக் குவிக்க வேண்டியதில்லை.

இந்தப் 'போடாதிருக்கச் செய்தல்'தான் டிட்டரன்ஸ். 'தடுப்பாற்றல்' என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். பலகையில் எழுதியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "தடுப்பூசி போட்டால் வருமே, அதுதானே?" என்று கேட்டாள். வெள்ளி மாலை நான்கு மணிக்குள் குறிப்பு வண்ணாரப்பேட்டை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். உதவுங்கள்.

இராயபுரம் புலவர்
செவ்வாய், இரவு 11.15

அம்மா, வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறீர்கள். 'வெருட்டல்' இருக்கிறதே! வெரு என்றால் அச்சம். வெருவு தன்வினை, வெருட்டு பிறவினை. தானே அஞ்சுவதும் பிறரை அஞ்ச வைப்பதும் ஒரே வேரில் கிடக்கின்றன. கொல்லையில் காக்கையை ஓட்ட நிறுத்தும் பொம்மைக்கு வெருளி என்று பெயர். அது யாரையும் அடிப்பதில்லை, நிற்கிறது, அவ்வளவே. சுந்தர்ஜி சொன்னதும் அதுதானே?

காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர் வந்ததும் இதனால்தான் என்பது என் நெடுநாள் கருத்து. குறுந்தொகை 139ஐப் பாருங்கள். மாலையில் வேலியோரம் வெருகு வர, பேடைக்கோழி போக்கிடம் அறியாது குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. வெருகு இன்னும் பாயவில்லை. பாயாமலே வேலை முடிந்துவிட்டது!

எண்ணூர்ப் பொறியாளர்
புதன், காலை 7.05

ஐயா, வெருகு என்று ஒரு கிழங்கும் இருக்கிறது. அது யாரை வெருட்டிற்று?

தவிர, போபியாவுக்கு 'வெருளி' என்று பலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரே வேரை எத்தனை இடத்தில் நடுவது? 'டிட்டரன்ஸ்' என்றே விட்டுவிடலாம். பஸ், டிக்கெட், போலீஸ் எல்லாம் தமிழில் குடியேறிவிட்டன. இதற்கு மட்டும் ஏன் வாசலில் காவல்?

இராயபுரம் புலவர்
புதன், காலை 7.20

கிழங்கு வேறு சொல். ஒலி ஒன்றானால் வேரும் ஒன்றாகிவிடாது. டிட்டரன்ஸ் என்பதைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு மூன்று இடத்தில் தடுக்குகிறது.

பெரம்பூர் ஆசிரியை
புதன், காலை 10.30

புலவர் ஐயா, கோழி எடுத்துக்காட்டைத் திருடிக்கொள்கிறேன். ஆனால் வெருட்டல் இடிக்கிறது. திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வைத்து, அப்படிச் செய்யாதே என்கிறாரே?

இன்னொன்று. சுந்தர்ஜி தலைவராக இருந்தபோது 1986 இறுதியில் இராஜஸ்தான் பாலைவனத்தில் பிராஸ்டாக்ஸ் என்ற பெரும் போர்ப்பயிற்சி தொடங்கியது. பாகிஸ்தான் அதைப் படையெடுப்பு ஆயத்தமாக எடுத்துக்கொண்டது. 1987 தொடக்கத்தில் இரு படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு பேச்சு நடந்தது. பிப்ரவரியில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததை வெருட்டல் என்றால் ஒப்புக்கொள்வேன். எதிரி அஞ்சிப் பின்வாங்குவதற்குப் பதில் அஞ்சி முன்னால் வந்தான். டிட்டரன்ஸ் அதற்கு நேர் எதிர். அங்கே எதிரி கணக்குப் போட்டுப் பார்த்து, 'வேண்டாம்' என்று தானே முடிவு செய்ய வேண்டும்.

காசிமேட்டான்
புதன், பிற்பகல் 1.10

அச்சத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கா பாடம்? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. சென்னையிலிருந்து பலர் மூட்டை கட்டினார்கள். நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே கப்பல் ஒழிந்தது; சொல் ஒழியவில்லை. என் பாட்டி கெட்டிக்காரப் பயல்களை இன்றும் 'எம்டன்' என்றுதான் திட்டுகிறார். ஆகவே என் பரிந்துரை: எம்டனாற்றல். இராயபுரத்தில் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

கொளத்தூர் வாசகர்
புதன், பிற்பகல் 2.45

1987இல் ஈழத்துக்குப் படை போனபோது தலைவர் யார்? அவரைப் பாடமாக வைப்பதற்குச் சொல் தேடுகிறோமா?

பெரம்பூர் ஆசிரியை
புதன், மாலை 4.00

அதையும் பேசத்தான் போகிறேன், அதற்குத் தனி வகுப்பு. இப்போது சொல், தயவுசெய்து.

தண்டையார்பேட்டை ஓய்வுபெற்ற எழுத்தர்
வியாழன், காலை 6.30

அடங்கு, அடக்கு. முடங்கு, முடக்கு. மயங்கு, மயக்கு. அப்படியானால் தயங்கு, தயக்கு. எதிரியைத் தயங்க வைப்பது 'தயக்கல்', அந்தத் திறன் 'தயக்காற்றல்'. ஆசிரியை கேட்ட எதிரியின் முடிவும் இதற்குள் வந்துவிடுகிறது. அச்சத்தைவிடத் தயக்கம் நாகரிகமானதும்கூட.

இராயபுரம் புலவர்
வியாழன், காலை 8.10

அமைப்பு சரி, பொருள்தான் சரியில்லை. பழந்தமிழில் தயங்குதல் என்றால் அசைதல், ஒளிர்தல். 'தயங்கு திரை' என்றால் அசையும் அலை.

காசிமேட்டான்
வியாழன், காலை 8.25

எங்கள் கடற்கரையில் அலை தயங்கி நான் பார்த்ததில்லை. கல்லையும் தாண்டி வீட்டுக்குள் வருகிறது.

எண்ணூர்ப் பொறியாளர்
வியாழன், இரவு 9.50

தயக்காற்றல் என்று மனைவியிடம் சொன்னேன். "மயக்க மருந்தா?" என்றாள். நேற்றுத் தடுப்பூசி, இன்று மயக்க மருந்து.

இராயபுரம் புலவர்
வியாழன், இரவு 11.40

ஆசிரியைக்கு ஒரு மறுமொழி பாக்கி. அதே அதிகாரத்தில் இரண்டாம் குறளைப் பாருங்கள்: 'கடிதோச்சி மெல்ல எறிக'. ஓங்கும்போது கடுமை, அடிக்கும்போது மென்மை. வள்ளுவர் விலக்கியது குடிகளை வெருட்டுவதை. எதிரியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. 'ஓச்சல்' என்றுகூட வைக்கலாம். ஓங்கிய கை இறங்காமல் நிற்கும் நிலை அது.

பெரம்பூர் ஆசிரியை
வெள்ளி, பிற்பகல் 3.20

ஓச்சல் அழகு. ஆனால் இறங்காத கையை அந்தச் சொல்லுக்குள் நான் பார்க்கிறேன், பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் 'அச்சத்தடுப்பு' என்பதற்குத்தான் ஆள் அதிகம். யாருக்கும் முழு மனம் இல்லை, எனக்கும் இல்லை. அச்சத்தையே தடுப்பது என்று படிப்பவர்களும் இருப்பார்கள். முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே டிட்டரன்ஸ் என்றும் போட்டுவிடுகிறேன். 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்த கொள்கையை, அதாவது முதலில் பயன்படுத்துவதில்லை, நம்பத்தகுந்த குறைந்த அளவு போதும் என்பதை, விளக்கும் பத்தியில் மட்டும் எழுத்தர் ஐயாவின் 'தயக்காற்றல்' ஒருமுறை வருகிறது. யார் கைதூக்கிக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இராயபுரம் புலவர்
வெள்ளி, பிற்பகல் 3.55

அச்சகத்தார் இன்னும் தட்டு எடுக்கவில்லை என்றால் ஓர் அடிக்குறிப்பாவது: 'வெருட்டல் என்பாரும் உளர்.' வெருகு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.