கட்டக்கோரைச் சாறு விட்டதும் நியூரான்கள் அடங்கிப்போகுது, உதவி வேணும்

வேதாளை_மாணவி:
முதுகலை நுண்ணுயிரியல். மண்டபம் ஊர்ப் பக்கம் கரை ஒதுங்கின கட்டக்கோரையை, அதாவது சர்காசம் பாசியை, மெத்தனால்ல ஊறவெச்சு சாறு எடுத்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளர்த்த தட்டுல சாறு விட்ட இடத்தைச் சுத்தி கிருமி வளராத வளையம் 14 மி.மீ. நரம்புக்கு நஞ்சான்னு பார்க்க, வெளியூர் லேப்ல மின்முனைத் தட்டுல வளர்ற எலி நியூரான்கள் மேல மி.லி.க்கு 5 மி.கி. விட்டாங்க. சில நொடி படபடன்னு சிக்னல், அப்புறம் மொத்தமும் அமைதி. ஊடகத்தை மாத்தினா அரை மணியில திரும்புது. கரைப்பான் மட்டும் விட்ட தட்டுல ஒண்ணும் ஆகலை. கைடு "புது நரம்பு மருந்து"ங்கிறார். எனக்கு உதைக்குது.

பழைய_பெட்ரித்தட்டு:
உதைக்கத்தான் செய்யும் தங்கச்சி. பாசியை நல்ல தண்ணில அலசினீங்களா? பழுப்புப் பாசியில பொட்டாசியம் எக்கச்சக்கம். சாற்று எடையில அஞ்சுல ஒரு பங்கு அதுன்னு வெச்சுக்கங்க. மி.லி.க்கு 1 மி.கி., பொட்டாசியத்தோட அணு எடை 39ஆல வகுத்தா லிட்டருக்கு 25 மில்லிமோலுக்கு மேல போகுது. நியூரானுக்கு வெளியே வழக்கமா இருக்கிறது 3லருந்து 5தான். வெளியே பொட்டாசியம் ஏறினா முதல்ல சரமாரியா துடிக்கும், அப்புறம் சிக்னலைக் கிளப்புற சோடியம் வாய்க்கால் அடைஞ்சு ஊமையாயிடும். கழுவினா உயிர் வரும்.

வேதாளை_மாணவி:
கடல்தண்ணில அலசி, ஈரத்தோடயே ஊறப்போட்டேன் அண்ணா 🤦 அப்போ 14 மி.மீ.யும் பொய்யா?

பழைய_பெட்ரித்தட்டு:
இல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் 7.5% உப்பு போட்ட மானிட்டால் அகார்ங்கிற வளர்ப்பு ஊடகத்துலயே ஜம்முனு வளருற ஜாதி, உங்க உப்புக்கெல்லாம் அசையாது. பாக்டீரியாவைத் தடுத்ததும் நியூரானை அடக்கினதும் ஒரே பொருள்னு யார் சொன்னா? சாற்றை எரிச்சுச் சாம்பலாக்குங்க. அதே அளவு நீர்ல கரைச்சு, காரமா இருக்கும், பி.எச். 7.4க்குக் கொண்டுவந்து விடுங்க. சாம்பலும் அடக்கினா குற்றவாளி உப்பு. மண் பரிசோதனை லேப்ல சுடர் ஒளிமானி இருந்தா பொட்டாசியத்தை அளந்தே பார்த்துடலாம்.

பாம்பன்_கெமிஸ்ட்ரி:
நியூரான்களுக்கு நடுவுல சிக்னல் கடத்துற குளுட்டமேட்டை மறந்துட்டீங்க. 1908ல ஜப்பான் வேதியியலாளர் இகேடா அதைக் 'கொம்பு'ங்கிற (kombu) ஜப்பான் சமையல் பாசியிலருந்துதான் பிரிச்சார். அதுவும் நியூரானைக் கிளப்பிவிட்டு அடக்கும், ஆனா எரிச்சா சாம்பல்ல மிஞ்சாது. அதனால கைடைச் சுத்தமா ஒதுக்காதீங்க. ஜப்பான்ல குடல்புழுவுக்குக் கொடுத்த டைஜீனியா சிவப்புப் பாசியில இருக்கிற கைனிக் அமிலம்தான் இன்னைக்கு எலிக்கு வலிப்பு வரவைக்க லேப்ல ஊசி போடுறது. பென்சிலினும் அளவு மீறினா நியூரானை அடக்கி வைக்கிற காபா ஏற்பியைத் தடுத்து வலிப்பு வரவைக்கும். கிருமி மருந்து தேடுறவங்க நியூரானையும் பார்க்கிறது வீண் இல்ல, உப்பை முதல்ல கழிச்சுட்டுப் பாருங்க. சாற்றை நீர்ல கலக்கி, நீரோட கலக்காத எத்தில் அசிடேட் கரைப்பானால பிரிங்க, உப்பு கீழே நீர்லயே தங்கிடும்.

எங்கம்மா பாசி எடுத்தவங்க. "அலசினா எடை குறையும், வியாபாரிக்கும் பிடிக்காது, நமக்கும் பிடிக்காது"ம்பாங்க 😀

வேதாளை_மாணவி (மூணு வாரம் கழிச்சு):
சாம்பல் கரைசலும் அடக்கிடுச்சு. சுடர் ஒளிமானியில 22 மில்லிமோல். எத்தில் அசிடேட் பகுதிக்கு வளையம் 11 மி.மீ., குறைஞ்சாலும் இருக்கு. அதை நியூரான்ல விட அடுத்த மாசம்தான் தேதி கிடைச்சிருக்கு. கைடுகிட்ட இன்னும் சொல்லலை.