பழைய அம்பாசிடருக்கு டிஸ்ட்ரிபியூட்டரா, காயில் பேக்கா?

கானாடுகாத்தானிலிருந்து:

எங்க கொட்டகையில நிக்கிறது ஐயா காலத்து அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். படைப்பு, கல்யாணம்னு எல்லாரும் ஊருக்கு வரும்போதுதான் அதுக்கு வேலை. "டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போட்டுட்டு காயில் பேக் மாட்டிடுங்கண்ணே"ன்னு சென்னையிலிருந்து ஒரு தம்பி நச்சரிச்சுக்கிட்டே இருந்தார். டிஸ்ட்ரிபியூட்டர்னா ஒரே காயிலோட பொறியை ஒவ்வொரு பிளக்குக்கா பங்கு போடுறது. காயில் பேக்னா அது இல்லாம காயிலே நேரா பிளக்குக்கு அடிக்கும், அதை ஈசியூங்கிற கம்ப்யூட்டர் பெட்டி ஓட்டும். நான் அசையல. மாசக்கணக்கா நின்ன வண்டியில முதல்ல படுக்கிறது பேட்டரி. பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி காயிலோட கரண்டை வெட்டுற முனை, இருக்கிற வண்டின்னா மிச்சம் இருக்கிற கொஞ்ச கரண்ட்ல, நாலு பேர் தள்ளினா பிடிச்சுக்கும். ஈசியூவுக்கு வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழ போனா கண்ணே திறக்காது.

பாயிண்ட் முகத்துல மங்கலா ஒரு படலம் பூத்திருக்கும். நைஸ் எமரித் தாளை நடுவுல விட்டு ரெண்டு இழு இழுத்து, கேப் 15 தௌசண்ட் (அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. இருக்கான்னு ஃபீலர் கேஜ்ல பார்த்துட்டா போதும். ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னு தெரிஞ்சா பாயிண்ட்ல பொறி தெறிக்காம தடுக்கிற கண்டென்சரையும் சேர்த்து மாத்துங்க. பாயிண்டை மட்டும் மாத்தினா மறுபடி அதே கதைதான்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே சொல்றது நிக்கிற வண்டிக்கு. என்னுது தினமும் ஓடுறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ஞ்சு, மூடிக்குள்ள சுத்துற ரோட்டரைப் பிடிச்சு அசைச்சா கையிலேயே ஆட்டம் தெரிஞ்சது. அதனால ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேப் ஒவ்வொரு மாதிரி. டைமிங் லைட் அடிச்சா புல்லி மார்க் ஒரு இடத்துல நிக்கல, பொறி அடிக்கிற நேரம் தள்ளாடுது. ஐப்பசி மழையில மூடிக்குள்ள ஈரம் கோத்து, உள்பக்கம் தலைமுடி மாதிரி கருப்புக் கோடு. பொறி அந்தக் கோட்டு வழியாவே ஓடிடும்.

அதனால காயில் பேக்குக்கு மாறினேன். கிராங்க் புல்லியில 36-க்கு ஒரு பல் குறைச்ச சக்கரம் போட்டேன். அந்தப் பல்லைப் பார்த்து இன்ஜின் எந்த நிலையில இருக்குன்னு ஈசியூவுக்குச் சொல்ல ஒரு சென்சார். காயில் ரெண்டு: 1-4க்கு ஒண்ணு, 2-3க்கு ஒண்ணு. ஜோடியில ரெண்டு பிளக்கும் ஒரே நேரத்துல அடிக்கும். ஒண்ணு கம்ப்ரஷன்ல, மத்தது எக்ஸாஸ்ட்ல சும்மா போகும். 3000 ஆர்பிஎம்ல ஒத்தைக் காயில்னா நொடிக்கு 100 தடவை அடிக்கணும். இங்க ஆளுக்கு 50தான், சார்ஜ் ஏற நேரம் கிடைக்குது.

சென்சார் பிராக்கெட்டுக்குத்தான் லேத் பட்டறையில தவம் கிடந்தேன். செம்பு பிளக் வயரும் ஆகாது. ரெசிஸ்டர் வயர் போடலேன்னா ஈசியூ குழம்பிடும். பவர் கூடுச்சான்னா, சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. ஐடில் சீரா நிக்குது.

காரைக்குடியிலிருந்து, பட்டறைக்காரன்:

ரெண்டு பேரும் நடுவுல உள்ளதை விட்டுட்டீங்க. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்துலயே இருக்கட்டும். பாயிண்டை எடுத்துட்டு, காந்தத்தை வச்சுத் தொடாமலே காயிலை வெட்டுற ஹால் சென்சார் கிட் மாட்டலாம். தேய்மானத்துக்கு கேப் இல்ல, தீயுறதுக்கு முகம் இல்ல. புஷ் ஆட்டம் இருந்தா அதை முதல்ல சரி பண்ணணும், கிட் அதை மறைக்காது. ரொம்பப் பழைய வண்டின்னா பாசிட்டிவ் எர்த்தான்னு (பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடியில இணைஞ்சிருக்கான்னு) பார்த்துட்டு வாங்குங்க. சாவியை ஆன்ல விட்டுட்டு இன்ஜின் ஓடாம உட்காராதீங்க, காயில் சுட்டுடும். கழட்டின பாயிண்ட், கண்டென்சர் ரெண்டும் டிக்கியில கிடக்கட்டும். கானாடுகாத்தான் அண்ணனுக்கு என் ஓட்டு இந்த கிட்டுக்குத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரை முழுசா எடுக்கிற ஆளுக்கு ஒண்ணு: சில இன்ஜின்ல ஆயில் பம்ப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுலதான் ஓடும். அம்பாசிடர்ல அது தனி, பயமில்ல. ஓட்டையை மட்டும் அடைச்சுடணும், இல்லேன்னா ஆயில் கொட்டும்.

தேவகோட்டைத் தம்பி, சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி எவ்வளவு வச்சீங்க? இங்க ஒரு கான்டெஸா காத்துக்கிட்டு நிக்குது.