தோட்டத்திலிருந்து வந்த முதியவர்களுக்காக நகராண்மைக் கழகத்திடம் முதலில் எதைக் கேட்பது?

சிப்புட்வாசி:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாழும் முதியவர்களில் பலர், தோட்டத்தில் ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது தொழிலாளர்களுக்கான லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தவர்கள். நகராண்மைக் கழகத்திற்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். முதியோருக்கெனத் தனி மண்டபம் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. நடைபாதையைச் சீர்செய்து சாக்கடைகளுக்கு மூடி போட்டாலே போதும் என்கிறது மற்றொன்று. முதியோருக்கு உகந்த ஊரில் வாழ்வதால் அவர்களின் மனநிறைவு உண்மையில் கூடுகிறதா? கூடுமென்றால், எந்த வசதியால்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களின் முதியவர்களிடம் கேட்டறிந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, பொதுவெளி, போக்குவரத்து, வீடு, சமூகப் பங்கேற்பு, மரியாதை, வேலையும் குடிமைப் பங்கும், தகவல், மருத்துவமும் ஆதரவும் என எட்டுத் துறைகளைக் குறிப்பிடுகிறது. நம் மாநிலத்துத் தைப்பிங்கூட அந்நிறுவனத்தின் முதியோர் நகர வலையமைப்பில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் எட்டும் ஒரே அளவில் மனநிறைவைத் தருவதில்லை. வெளியே சென்று நாலு பேரைப் பார்க்க முடிவதும், ‘இது என் ஊர்’ என்ற உணர்வும்தான் சாலை, பேருந்து போன்ற வசதிகளை மனநிறைவாக மாற்றித் தருகின்றன என்பதே ஆய்வுகளிலிருந்து நான் புரிந்துகொண்டது. தோட்டத்தில் கோயில், கடை, மருந்தகம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. வாசலில் உட்கார்ந்தாலே பேச ஆள் கிடைக்கும். தாமானில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு. ஆகவே என் வாக்கு மண்டபத்திற்கே.

தாதி அக்கா:
ஐயா சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். உடல் தளரத் தளரச் சுற்றுப்புறத்தின் பிடி இறுகும் என்பது, முதுமை ஆய்வாளர்கள் லாட்டன், நஹேமோ ஆகியோர் 1973இல் முன்வைத்த கருத்தின் சாரம். நல்ல கால் உள்ளவர் தாண்டிவிடும் படி, முழங்கால் தேய்ந்தவரை வீட்டிலேயே நிறுத்திவிடும். கடைத்தெரு அஞ்சடியை, அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையைப் பாருங்கள்: ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம், அதிலும் பாதியை அரிசி மூட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும். கைத்தடி பிடிக்க வெட்கப்பட்டுக் குடையை ஊன்றி வரும் பாட்டிகள், அங்கே சாலையில் இறங்கி மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடக்கிறார்கள். வழியே இல்லாதபோது மண்டபம் யாருக்கு? நடக்கக்கூடியவர்களுக்கு மட்டுந்தான்.

எண்ணும் எழுத்தும்:
ஓர் எச்சரிக்கை. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் ஊரைப் பற்றியும் மனநிறைவைப் பற்றியும் கேட்பவை. நிறைவாக இருப்பவர் ஊரையும் நல்லதாகவே சொல்வார் என்பதால், எது காரணம், எது விளைவு என்று துணிந்து கூற இயலாது. மேலும் உளவியலாளர் டீனரும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட மனநிறைவு அளவுகோலில், வேண்டிய முக்கியமானவை இதுவரை கிடைத்துவிட்டன என்பது போன்ற ஐந்தே கூற்றுகள் உள்ளன. ஆயுள் முழுக்க ரப்பர் பால் வெட்டியவரின் பதிலில் சம்பளமும் பிள்ளைகளின் நிலையும் கலந்திருக்கும். அதை நடைபாதை மாற்றாது. எனவே ‘மனநிறைவு உயரும்’ என்று மனுவில் வாக்களிக்காதீர்கள். யார் எங்கே போக முடியாமல் இருக்கிறார் என்பதை எழுதுங்கள்.

சிப்புட்வாசி:
மூவருக்கும் நன்றி. தாமானிலிருந்து கோயிலுக்கும் அரசாங்கக் கிளினிக்கிற்கும் செல்லும் வழியை முதல் கோரிக்கையாக வைக்கிறோம். மண்டபத்திற்குப் புதுக் கட்டடம் கேட்காமல், அந்த வழியிலேயே இருக்கும் பழைய பொது மண்டபத்தைக் காலை வேளைகளில் திறந்துவிடும்படி கேட்போம். அக்கா, எந்தெந்த இடத்தில் படி இடிக்கிறது என்று குறித்துத் தர முடியுமா?