லாக்ஸ்பிசி ஒளிவளைவில் 6,290 விநாடி முகடு: செயற்கைக்கோளின் சுற்றுக்காலம் இல்லையென்றால் வேறென்ன?

திருவாதிரை:
வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக, இந்தியாவின் விண்வெளி ஆய்வகச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் காப்பகத்திலிருந்து ஒரு சேஃபர்ட் விண்மீன் மண்டலத்தின் (நடுவே பொருளை விழுங்கும் பெருங்கருந்துளை உள்ள வகை) எக்ஸ் கதிர்த் தரவை எடுத்திருக்கிறேன். பெயரை இப்போது சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார், பொறுத்துக்கொள்ளுங்கள். லாக்ஸ்பிசி 20 கருவி (படம் எடுக்காமல் எக்ஸ் கதிர் ஃபோட்டான்களை எண்ணுவது), 3 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, 100 விநாடிக்கு ஒரு புள்ளி, இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட நீளம்.

பின்னணியைக் கழித்துவிட்டு லாம்ப்-ஸ்கார்கிள் (இடைவெளியுள்ள தரவில் சுற்றுக்காலம் தேடும் முறை) போட்டால் இரண்டு முகடுகள் வருகின்றன. ஒன்று 5,860 விநாடியில். அது செயற்கைக்கோளின் சுற்றுக்காலம் என்று தெரியும், விட்டுவிட்டேன். மற்றொன்று 6,290 விநாடியில், அதைவிட உயரமாக நிற்கிறது. ஒரு செயற்கைக்கோளுக்கு இரண்டு சுற்றுக்காலம் இருக்க முடியாதே!

என் ஆசைக்குக் காரணம் உண்டு. மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் நிறை சூரியனைப்போல் சுமார் 1 கோடி மடங்கு. சுழலாத கருந்துளை என்று வைத்தால் கடைசி நிலையான வட்டப்பாதையின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 4,550 விநாடி. 6,290 என்பது அதற்குச் சற்று வெளியே, ஈர்ப்பு ஆரத்தைப்போல் (GM/c²) ஏழரை மடங்குத் தொலைவில் அமைகிறது. ஆர்இ ஜே1034+396 என்ற விண்மீன் மண்டலத்தில் ஏறத்தாழ ஒரு மணிநேர அலைவு கிடைத்ததே, அதைப் போன்றதாக இருக்குமா? தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று மென்பொருள் சொல்கிறது. எப்படி உறுதி செய்வது?

கேட்டை:
மென்பொருள் சொல்லும் அந்த எண்ணை நம்பாதீர்கள். அது வெள்ளை இரைச்சல் (எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு) என்று எண்ணிக்கொண்டு கணக்கிடுகிறது. செயல்மிகு விண்மீன் மண்டலங்களின் மாறுபாடு சிவப்பு இரைச்சல். அதிர்வெண் குறையக் குறைய வீச்சு ஏறும். அதே சரிவுள்ள போலி ஒளிவளைவுகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, உங்கள் தரவில் உள்ள இடைவெளிகளையே அவற்றிலும் வெட்டிவிட்டு, எத்தனையில் இவ்வளவு உயரமான முகடு வருகிறது என்று பாருங்கள். மூன்று நான்கு சுற்று மட்டுமே அடங்கும் ஒளிவளைவில் சிவப்பு இரைச்சல் அழகான சைன் அலை போலவே தோன்றும். உங்களுக்குச் சுமார் முப்பது சுற்று இருப்பதால் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் செய்ய வேண்டிய வேலை அது.

சித்திரை:
சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு நேரத்தைத் திருத்தினீர்களா? அதனால்கூட முகடு நகரலாம்.

மூலம்:
சித்திரை, நியூட்ரான் விண்மீனின் துடிப்பைத் தேடினால் அது இன்றியமையாதது. இங்கே அந்தத் திருத்தம் ஒரு நாளைக்கு 9 விநாடியைத் தாண்டாது. 5,860 அதனால் 6,290 ஆகாது.

திருவாதிரை, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 1/5860 இலிருந்து 1/6290 ஐக் கழித்து, விடையைத் தலைகீழாக்குங்கள். சுமார் 86,000 விநாடி வரும். அதாவது ஏறத்தாழ ஒரு நாள். விண்மீன் மண்டலத்துக்குப் பூமியின் நாள்கணக்கு எப்படித் தெரியும்?

விளக்கம் இதுதான். ஆஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்தில், நடுக்கோட்டுக்கு 6 பாகைச் சாய்வில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. உங்கள் மண்டலத்தைப் பூமி மறைப்பது விண்மீன்களை வைத்துப் பார்த்த சுற்றுக்காலத்தில், சுமார் 5,860 விநாடிக்கு ஒருமுறை. ஆனால் தென் அட்லாண்டிக் முரண்பகுதி (பூமியின் காந்தப்புலம் வலுக்குறைந்து, மின்னூட்டத் துகள்கள் தாழ இறங்கும் பகுதி) பூமியோடு சேர்ந்து சுழல்கிறது. செயற்கைக்கோள் ஒரு சுற்று முடித்துத் திரும்புவதற்குள் அந்தப் பகுதி கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்க இன்னும் ஏழு நிமிடம் ஓட வேண்டும். ஆக, துகள்கள் மொய்க்கும் அந்தப் பகுதியை அது தொடுவது சுமார் 6,290 விநாடிக்கு ஒருமுறை. சாய்வு குறைவு என்பதால் ஒரு சுற்றுகூடத் தவறாமல் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது, அதனால்தான் முகடு இவ்வளவு கூர்மை. உங்கள் அவதானிப்பு ஒரு நாளைவிடக் குறைவாக இருந்திருந்தால் இரண்டும் பிரியாமல் ஒரே மேடாகத் தெரிந்திருக்கும்.

அந்தப் பகுதியைக் கடக்கும்போது கருவியின் உயர் மின்னழுத்தம் குறைக்கப்படுகிறது. வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் பின்னணி உயர்ந்தே இருக்கும். மங்கலான மண்டலத்துக்கு லாக்ஸ்பிசியில் கிடைக்கும் எண்ணிக்கையில் பெரும்பங்கு பின்னணிதான். அதைக் கழிப்பதில் சிறு பிசகு இருந்தால் போதும், மிஞ்சுவது உங்கள் மண்டலத்தின் மாறுபாடு போலவே நிற்கும்.

கேட்டை:
இதைச் சோதிப்பது எளிது. ஒளிவளைவை நேரத்துக்கு எதிராக வரையாமல், செயற்கைக்கோள் எந்தத் தீர்க்கரேகைக்கு மேல் இருந்தது என்பதற்கு எதிராக வரையுங்கள். அதே நேரத்து எஸ்எக்ஸ்டி (ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி) தரவையும் பாருங்கள். அது படம் எடுக்கும் கருவி, கதிர் வரும் மூலத்தைச் சுற்றி வட்டம் போட்டு எண்ணலாம், பின்னணித் தொல்லை மிகக் குறைவு.

ஆர்இ ஜே1034+396 ஐ ஒப்பிட்டீர்கள். அதன் அலைவைக் கண்டது எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள். அந்தச் செயற்கைக்கோளின் சுற்றுக்காலம் சுமார் 48 மணிநேரம், ஆகவே பல மணிநேரம் இடைவெளியில்லாமல் பார்க்க முடிந்தது. 2007 தரவில் கிடைத்த அலைவு 2018 இலும் மீண்டும் தென்பட்டது. உங்கள் தரவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

சித்திரை:
இன்னொன்றையும் விலக்கிவிடுங்கள். லாக்ஸ்பிசியின் பார்வைப்புலம் ஏறத்தாழ 1 பாகை அகலம். உள்ளே எந்த மூலத்திலிருந்து ஃபோட்டான் வந்தது என்று அதற்குத் தெரியாது. என்ஜிசி 6814 என்ற சேஃபர்ட் மண்டலத்தின் கதையைப் படித்திருப்பீர்கள். எக்ஸோசாட், கிங்கா என்ற பழைய எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்களின் தரவுகளில் சுமார் 12,000 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் போல் மாறுபாடு. கருந்துளையைச் சுற்றும் விண்மீன் என்பதுவரை கோட்பாடுகள் குவிந்தன. ரோசாட் செயற்கைக்கோள் படம் எடுத்துப் பார்த்தபோது, 1993 இல், குட்டு வெளிப்பட்டது: 37 கலை (60 கலை ஒரு பாகை) தள்ளி, நம் பால்வீதியிலேயே, துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சும் காந்த வெள்ளைக் குள்ளன் ஒன்று. இன்று வி1432 அக்குவிலே என்கிறோம். அந்த மண்டலத்தின்மேல் எந்தக் குற்றமும் இல்லை, பாவம்.

திருவாதிரை:
எல்லோருக்கும் நன்றி. தீர்க்கரேகைக்கு எதிராக வரைந்தேன். முரண்பகுதியிலிருந்து வெளியே வந்தவுடன் எண்ணிக்கை உயர்ந்து, கிழக்கே போகப்போகத் தணிகிறது. எஸ்எக்ஸ்டி ஒளிவளைவில் 6,290 இல் ஒன்றுமே இல்லை. அதே புலத்தில் வேறு பிரகாசமான மூலமும் தெரியவில்லை, ஆனால் அதன் புலம் சுமார் 40 கலைதான் என்பதால் மூலைகளுக்குப் பழைய ரோசாட் பட்டியலைத் தனியாகப் பார்க்கிறேன். வழிகாட்டியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, நிறமாலைக்குப் போகலாம்" என்றார். நிறமாலைக்கும் இந்தப் பின்னணி தொல்லை தருமா?

மூலம்:
தரும், அதுவும் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே. முரண்பகுதியை விட்டு வெளியே வந்த முதல் சில நிமிடங்களை நல்ல நேர அட்டவணையிலிருந்து (பயன்படுத்தத் தக்க நேரங்களின் பட்டியல்) நீக்குங்கள். பின்னணி மாதிரியை எடுத்த வெற்று வான அவதானிப்பு உங்கள் அவதானிப்புக்கு நாள்கணக்கில் நெருக்கமானதா என்று பாருங்கள். 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இரும்புக் கோட்டின் அகலத்தை லாக்ஸ்பிசியை வைத்து அளக்க முயலாதீர்கள், அதன் ஆற்றல் பிரிதிறன் அதற்குப் போதாது. எஸ்எக்ஸ்டியைச் சேர்த்துப் பொருத்தும்போது, 1.8 இலும் 2.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் மிச்சம் (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு) தெரிந்தால் அவை சிலிக்கான், தங்க விளிம்புகள், கருவியினுடையவை. கெயின் திருத்தத்தில் (கருவியின் ஆற்றல் அளவுகோலைச் சரிசெய்வது) சாய்வை 1 என்று நிறுத்தி ஆஃப்செட்டை மட்டும் நகரவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.