ஜெம்பேயை உலக மேடைக்குக் கொண்டுபோனது கினியாவுக்கு லாபமா, நஷ்டமா?

வளவன்:
ஜெம்பே என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் வெறுங்கையால் அறைந்து வாசிக்கும் ஆட்டுத்தோல் மேளம். கினியா நாட்டு ஜெம்பேக் கலைஞர் மமாடி கெய்ட்டாவின் ஒலிப்பதிவுகளை இங்கே ஒருவர் பகிர்ந்ததும் ‘ஆப்பிரிக்க இசையை உலகுக்குக் கொடுத்த மகான்’ என்று பாராட்டு குவிந்துவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் அபாரமான கலைஞர் என்பதில் பேச்சே இல்லை. மாலி எல்லைக்குப் பக்கத்தில், பாலாந்துகு கிராமத்தில் 1950-இல் பிறந்தவர். 14 வயதில் கினியாவின் ‘தேசிய பாலே ஜோலிபா’ ஆட்டக் குழுவுக்குத் தேர்வாகி, பிறகு அதன் கலை இயக்குநரானவர். என் கேள்வி அவர் எடுத்துச் சென்ற சரக்கைப் பற்றியது. கஸ்ஸா அறுவடைத் தாளம். வயலில் ஆட்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று வாசிப்பது. சோலி, சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்குக்கு உரியது. துனுன்பா, ஆண்கள் வயதுக் குழுக்களாகப் பிரிந்து சாட்டையடி வாங்கி வலிமை காட்டும் ஆட்டம். வயலும் இல்லை, சிறுவனும் இல்லை, சாட்டையும் இல்லை. பெல்ஜியத்தில் ஓர் அரங்கில் இவற்றை வாசித்தால் வேகமும் சத்தமும்தானே மிஞ்சும்?

தேன்மொழி:
வளவன் சார், மற்ற பயிற்சிக் கூடங்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம், இவருக்குப் பொருந்தாது. 1991-இல் பிரஸ்ஸல்ஸில் ‘தாம்தாம் மாண்டிங்’ பள்ளியைத் தொடங்கியதிலிருந்து அவர் விடாமல் வலியுறுத்தியது ஒன்றுதான். இந்தத் தாளம் எந்த மக்களுடையது, எந்த வட்டாரம், எந்தச் சமயத்தில் வாசிப்பது, யார் ஆடுவது என்பதெல்லாம் தெரிந்துதான் வாசிக்க வேண்டும். ஜெம்பேயை மட்டும் தட்டிவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் கூடவே குச்சியால் வாசிக்கும் துனுன் என்ற மூன்று பெரிய மேளங்களையும் கற்றாக வேண்டும். கென்கெனி, சங்பன், துந்துன்பா மூன்றும் சேர்ந்தால்தான் அது கஸ்ஸாவா சோலியா என்று காதுக்குத் தெரியும். ஆட்டுத்தோலில் எவ்வளவு வேகமாக அறைந்தாலும் சங்பன் பிசகினால் தாளமே வேறாகிவிடும். ‘வெறும் சத்தம்’ என்பது அந்த உழைப்பைப் பார்க்காமல் சொல்வது.

வளவன்:
தெரிந்துகொள்வது வேறு, அதற்குள் வாழ்வது வேறு. ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் ஒரு பெண் திடீரென்று உள்ளே வந்து சில நொடிகள் ஆடுவாள். தனி ஜெம்பே வாசிப்பவரின் கண் அவள் பாதத்திலேயே இருக்கும். அவள் கால் எங்கே விழுகிறதோ அங்கே அறை விழும். அவள் வேகம் கூட்டினால் இவரும் கூட்டுவார், அவள் விலகியதும் முடிப்பார், அடுத்தவள் வருவாள். யார் வருவாள், என்ன ஆடுவாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மேடையில் அப்படியே தலைகீழ். வட்டம் உடைந்து வரிசையாகிறது, எல்லோரும் பார்வையாளரைப் பார்த்து நிற்கிறார்கள், சைகை அடி விழுந்ததும் ஒரே நேரத்தில் அடவை மாற்றுகிறார்கள். ஊரில் ஆடுபவரைத் தொடர்ந்த மேளம் இங்கே ஆடுபவருக்குக் கட்டளை போடுகிறது. நான் இழப்பு என்று சொல்வது இதைத்தான்.

கடலோடி:
இந்தப் பழியை மமாடி தலையில் கட்டாதீர்கள். அந்த மேடை வடிவம் அவர் செய்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் ஃபொடேபா கெய்ட்டா உருவாக்கிய ‘லெ பாலே ஆஃப்ரிக்கேன்’ குழுதான் தொடக்கம். 1958 அக்டோபர் 2-இல் கினியா விடுதலை பெற்றதும் அதன் முதல் அதிபர் செக்கூ தூரேயின் அரசு அதைத் தேசியக் குழுவாக்கியது. மாவட்டந்தோறும் போட்டி வைத்துத் திறமைசாலிகளைத் தலைநகர் கொனாக்ரிக்கு இழுத்துக்கொண்டது. அதே அரசு, அதே ஆண்டுகளில், மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் காட்டுப் பகுதியிலும் கடற்கரையிலும் முகமூடிகளை அழித்தது, ரகசியச் சடங்குகளைத் தடுத்தது. ஊரில் தடைசெய்த முகமூடி தேசிய மேடையில் ஆடியது! ஃபொடேபாவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அமைச்சராக இருந்தவரை 1969-இல் அதே ஆட்சி சிறையில் வைத்துக் கொன்றது. சடங்கை ஒழித்தது கொனாக்ரி. பெல்ஜியத்துப் பார்வையாளர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

வளவன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். மேடை அந்தச் சடங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலகம் கைதட்டியது அந்த மாற்றுக்குத்தான்.

தேன்மொழி:
கடலோடி சொன்னது காட்டுப் பகுதியும் கடற்கரையும். மமாடி வந்த மலின்கே மக்களின் வட்டாரத்துக் கதை வேறு. அதே வட்டாரத்தில் குருசா ஊர்ப் பக்கத்து ஃபமூடு கொனாட்டேவைப் பாருங்கள். லெ பாலே ஆஃப்ரிக்கேனில் கால் நூற்றாண்டு முதன்மை ஜெம்பே வாசித்தவர். குழுவை விட்டு வந்த பிறகு என்ன செய்தார்? தன் ஹமனா வட்டாரத் தாளங்களை ஊரில் வாசிப்பது போலவே பதிவு செய்தார், அதையே ஐரோப்பாவில் கற்பித்தார். 1996-இல் பெர்லின் கலைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் தந்தது. மேடைக்குப் போனவர்கள்தான் ஊர் வாசிப்பையும் வெளியே தெரியவைத்தார்கள்.

மேளப்பித்தன்:
தேன்மொழி அக்காவின் வாதத்துக்கு ஒரு சான்று. ஜப்பானில் ககோஷிமாவுக்குத் தெற்கே மிஷிமா என்ற சின்னத் தீவுக் கூட்டம் இருக்கிறது. 1994-இல் மமாடி அங்கே போய்ப் பிள்ளைகளோடு வாசித்தார். இப்போது அங்குள்ள இயோஜிமா தீவில் ஜெம்பே பள்ளியே நடக்கிறது. கப்பல் வந்தால் துறைமுகத்தில் ஜெம்பே வாசித்துத்தான் வரவேற்கிறார்கள். மலின்கே அறுவடை அவர்களுக்கு எதற்கு? தங்கள் ஊருக்கு ஒரு வழக்கத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

வளவன்:
மிஷிமா பிள்ளைகள் வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் மமாடியின் ‘தாம்தாம் மாண்டிங்’ பள்ளி தரும் சான்றிதழ் விஷயம் என்ன? வெளிநாட்டு மாணவர் தேர்வு எழுதி, தகுதி பெற்று, தன் ஊரில் ஆசிரியராகக் கட்டணம் வாங்கலாம். பாலாந்துகுவில் அப்பாவிடம் கற்று 30 வருடமாக வயலோரம் வாசிக்கிறவரிடம் காகிதம் எதுவும் இல்லை. விசாவும் இல்லை. யாருடைய தாளம், யாருக்கு வருமானம்?

தேன்மொழி:
அந்தக் கேள்வி நியாயமானது, மறுக்கவில்லை. அதற்காக மமாடி வெளியே போயிருக்கக் கூடாது என்று ஆகாது. அவரும் மற்ற ஆசான்களும் மாணவர்களைக் கினியாவுக்கே கூட்டிப்போய்ப் பயிற்சி முகாம் நடத்தியதால் உள்ளூர் வாசிப்பவர்களுக்கும், ஆடுபவர்களுக்கும், மேளம் செய்கிறவர்களுக்கும் வேலை கிடைத்தது. 1990களின் இறுதியில் கினியாவிலேயே பெண்கள் மட்டும் வாசிக்கும் ஜெம்பே குழு கிளம்பியதே, அதுவும் மேடை வழியாகத்தான். ஊர் வழக்கத்தில் ஜெம்பே ஆண்களுக்கானது.

அப்புறம், உங்கள் வட்டம் உடைந்தே கிடக்கவில்லை. கொனாக்ரியில் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்து நாற்காலி போட்டு ஆட்டம் நடக்கிறது. தனியார் பாலே குழுக்களில் பழகிய பெண்கள் வட்டத்துக்குள் பாய்ந்து மேடை அடவுகளையே ஆடுகிறார்கள். மேளக்காரர் மறுபடி பாதத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்.

வளவன்:
அந்தத் தெரு ஆட்டத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன். சான்றிதழ் விஷயத்தில் என் நிலை அப்படியே இருக்கிறது: பாலாந்துகுவில் வாசிக்கிறவரைத் தேர்வாளர் நாற்காலியில் உட்கார வையுங்கள், கட்டணத்தில் அவருக்குப் பங்கு கொடுங்கள். பிறகு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுங்கள்.